நூற்று எண்பது வரை

"நூத்திப் பத்து" என்று தணிகைவேல் கணினித் திரையைப் பார்த்தபடி உரக்கச் சொன்னான். சொன்ன குரல் பக்கத்து வீட்டுக்காரன் குரல் மாதிரி இருந்தது. காலையில் மெஸ்ஸில் தின்ற இட்லி இன்னும் நெஞ்சிலேயே நின்றது. எதிரே, இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் போலச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கிடந்தது அவனுடைய கான்கிரீட் பீம். சுண்ணாம்பு அழகுக்கு இல்லை. மயிரிழை விரிசல் விட்டாலும் வெள்ளையில் கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும், அதற்கு. மேலேயிருந்து ஜாக்கி அழுத்த, சோதனைக்கூட உதவியாளர் லூர்து அண்ணன் பம்ப் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பத்து கிலோநியூட்டனாகப் பாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். பத்து என்றால் ஏறக்குறைய ஒரு டன். ஒவ்வொரு பத்துக்கும் நிறுத்துவார். நிறுத்தியதும், பீமுக்குக் கீழே குந்தியிருக்கிற ஜெபசிங் கறுப்பு மார்க்கரால் புது விரிசல் மேல் கோடு இழுத்து, கோட்டின் நுனியில் அந்த எண்ணை எழுதுவான். தன் பீமுக்குத் தானே விரிசல் குறிக்கக் கூடாது என்பது இந்தச் சோதனைக்கூடத்தில் எழுதாத சட்டம். பெற்றவன் கண்ணுக்குப் பிள்ளையின் குறை தெரியாது, இல்லாத அழகெல்லாம் தெரியும். அதனால் பீமுக்குச் சொந்தக்காரன் தள்ளி உட்கார்ந்து எண் சொல்லணும், அடுத்தவன் கீழே குந்திக் கோடு போடணும். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. நாகர்கோவில் பக்கத்துக்காரன் ஜெபசிங், அவனும் ஆராய்ச்சி மாணவன்தான், வாயில் ஏதோ மாதா கோவில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, குழந்தைக்கு மை தீட்டுகிற மாதிரி நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு கோடு இழுத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கும் பீமுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம்.

அந்த விரிசல் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தது? தணிகைவேலுக்கு அதுதான் பிடிபடவில்லை. ஓரத்திலிருந்து சாய்வாக, ஜாக்கியை நோக்கி மேலே ஏறுகிற விரிசல் அது. அவன் போட்ட கணக்குப்படி அது இப்போதைக்கு எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், கான்கிரீட் என்ன கணக்குப் படித்துவிட்டா வருகிறது என்று மனசைத் தட்டிக் கொடுத்தான். மனசு கேட்கவில்லை. கரும்பலகையில் அவனே காலையில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தான்: உடையும் பாரம் இருநூறு; நூற்று எண்பதில் வெளியே. அதாவது, உடையப்போவதில் பத்தில் ஒன்பது பங்கு வரைக்கும் குறிக்கிறவன் கீழே இருக்கலாம், அப்புறம், பீம் எவ்வளவு தொய்கிறது என்று அடியிலிருந்து அளக்கிற டயல்கேஜைக் கழற்றிக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும். இதுவும் இந்தக் கூடத்து வழக்கம்தான். இருநூறின் கடைசி முட்டையை மட்டும் அவன் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தான். அது இப்போது கீழே விழப்போகிற மாதிரி தெரிந்தது. சீ, இதென்ன புத்தி. "தணிகை, ரீடிங் சேவ் ஆகுதா?" என்று பின்னாலிருந்து மங்கை மேடம் கேட்டார். "ஆகுது மேடம்." மங்கையர்க்கரசி மேடம் அவனுடைய கைடு. அவர் ஒரு நாளும் திட்டியதில்லை, திட்டினால் பரவாயில்லையே! தப்பு கண்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே "அப்படியா?" என்பார், அவ்வளவுதான். அந்த "அப்படியா"வைக் கேட்டவன் ஒரு வாரம் சாப்பிட மாட்டான். மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் வெளியூரிலிருந்து வந்த சபாபதி சார், ஆய்வுக் குழு உறுப்பினர், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பீம் முடிந்ததும் மேலே மாடியில் கூட்டம். அவர் தலையாட்டினால் தணிகைவேல் ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் இதே ஹாஸ்டல், இதே இட்லி. ஊரில் அண்ணி போனில் கேட்பாள், "என்ன தம்பி, இன்னுமா படிக்கிறீங்க?" என்று. போன தை மாதம் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான், மாப்பிள்ளை என்ன பண்றார் என்றார்கள், அப்பா "படிக்கிறான்" என்றார், பெண்ணின் தாய்மாமன் தணிகைவேலின் முன்நெற்றியை, அங்கே மயிர் விலகிப் போயிருந்த இடத்தை, ஒரு பார்வை பார்த்துவிட்டு "இன்னுமா?" என்றார்.

"நூத்தி இருபது." புதிதாக இரண்டு கோடுகள். ஜெபசிங் கோடு இழுக்கிற சத்தம், மார்க்கர் நுனி சுண்ணாம்பில் உரசுகிற கிரீச், பல் கூசியது. இந்தத் தொகுப்பில் இதுதான் கடைசிப் பீம். இதற்கு முன்னால் உடைத்ததெல்லாம் உள்ளே வரிசையாகக் கம்பி வளையம் போட்டவை. அவை நல்ல பிள்ளைகள், வளைந்து உடைகிறவை. முதலில் முனகும், அப்புறம் நடுவில் தொய்யும், விரிசல் வாய் பிளந்து கம்பி வெளியே தெரியும். உடையப் போகிறேன் உடையப் போகிறேன் என்று ஊரைக் கூட்டிவிட்டுத்தான் உடையும். டீ குடித்துவிட்டு வந்துகூடப் பார்க்கலாம். இது வளையமே போடாத பீம். வேண்டுமென்றே போடாதது, கான்கிரீட் மட்டும் தனியாக எவ்வளவு தாங்கும் என்று பார்க்க. இந்த மாதிரி உடைவதற்கு ஷியர் என்று பேர். இதற்கு முனகலும் கிடையாது தொய்வும் கிடையாது, கண்ணைச் சிமிட்டுகிற நேரத்தில் சாய்வாகப் பிளந்துகொண்டு டமார் என்று இறங்கும். இறங்கினால் கீழே அடுக்கியிருக்கிற மரக்கட்டைமேல்தான் இறங்கும், தரைக்கு வராது, அதெல்லாம் சரி. மரக்கட்டைக்கும் பீமுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் இருக்கிறதே. டயல்கேஜ் அங்கேதானே இருக்கிறது. ஜெபசிங்கின் இடது கை இப்போது எங்கே ஊன்றியிருக்கிறது? தணிகைவேல் எட்டிப் பார்த்தான். மரக்கட்டை மேல். மோதிர விரலில் அந்த வெள்ளி மோதிரம், அவன் அம்மா வேளாங்கண்ணியில் வாங்கிப் போட்டது. தணிகைவேல் கண்ணைத் திருப்பிக்கொண்டான். வெயிலும் காற்றும் வருவதற்காகக் கூடத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துருப்பிடித்த இரும்பு உருளையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கான்கிரீட் வார்க்கிற அச்சு அது. உருளை வடிவ அச்சு. இங்கே யாரும் உருளை வார்ப்பதில்லை, நம் ஊரில் எல்லாம் கனசதுரம்தான், பெட்டி மாதிரி கட்டிதான் வார்த்து உடைத்து வலிமை பார்ப்பது. உருளை அச்சுகள் கதவுக்கு முட்டாகவும் குடை வைக்கவும் ஆயின. அவன் சேர்ந்த நாளிலிருந்து அந்த அச்சு அங்கேதான் கிடக்கிறது, எத்தனை முறை கால் இடித்திருக்கிறான், ஒரு நாள் நகமே பெயர்ந்து

உருளை.

ஐயோ. மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி. அவன் எடுத்தது வெளிநாட்டுச் சூத்திரம். இந்த வகைப் பீமுக்கு அதுதான் சரியாக வரும் என்று அவனே தேடித் தேடி எடுத்து, போன கூட்டத்தில் அதைக் காட்டித்தான் சபாபதி சாரிடம் "நல்லாருக்கே" வாங்கினான். அந்தச் சூத்திரம் கேட்பது உருளையின் வலிமையை. அவன் போட்டது கட்டியின் வலிமையை. ஒரே கலவையை ஊற்றினாலும் கட்டி முரட்டுத்தனமாக நிற்கும், உருளை உயரமாக இருப்பதால் முன்னாலேயே உடைந்துவிடும். உருளை எண் கட்டி எண்ணில் பத்துக்கு எட்டுத்தான். இரண்டாம் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. மேடம் வகுப்பில் சொல்லி அவனே சிரித்திருக்கிறான், இதைப் போயா தப்பாகப் போடுவார்கள் என்று. இல்லை, இரு. போட்டேனா? மாற்றித்தானே போட்டேன்? ராத்திரி கண் எரிய எரிய உட்கார்ந்து... மாற்றவில்லை. கணக்குத் தாளில் அந்தக் கட்டத்தில் வலிமை என்று மட்டும்தான் போட்டிருந்தான், எதன் வலிமை என்று போடவில்லை, ஆய்வகத்திலிருந்து வந்த எண்ணை அப்படியே தூக்கிப் போட்டான். முந்தைய பீம்களில் வளையக் கம்பி வேலையைப் பார்த்துக்கொண்டதால் இந்தத் தப்பு வெளியே தலைகாட்டவில்லை. விரல் மேசைக்கு அடியில் தானாகக் கணக்குப் போட்டது. பத்தில் எட்டுப் பங்கு, சூத்திரம் கேட்கிறபடி அதற்கு வர்க்கமூலம், ஏறக்குறைய பத்தில் ஒன்பது. இருநூறில் பத்தில் ஒன்பது. கரும்பலகையைப் பார்த்தான். நூற்று எண்பதில் வெளியே. அதாவது, எது வரைக்கும் ஜெபசிங் கீழே பயமில்லாமல் குந்தியிருக்கலாம் என்று அவன் கைப்பட எழுதி வைத்தானோ, அந்த எண்ணில்தான் பீமே உடையப் போகிறது. அதுவும் கணக்குப்படி. ஷியர் எந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது? முன்னேயும் வரும். நூற்று அறுபதிலேகூட வரும். இப்போதேகூட வரும்.

"என்னப்பா, ரீடிங்?" என்றார் லூர்து அண்ணன். "நூத்தி... நூத்தி முப்பது" என்றான். சொல்லிவிட்டானே! நிறுத்துங்க என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். சரி, இப்போது சொல்லலாம். ஒரே வார்த்தை. எழுந்து நின்று, மேடம், ஒரு நிமிஷம் நிறுத்தணும். எதற்கு என்பார். கணக்கில் ஒரு சின்னத் தப்பு மேடம். என்ன தப்பு? கட்டி எண்ணை உருளை எண்ணாகப் போட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். அப்படியா? சபாபதி சார் கால் ஆட்டுவதை நிறுத்துவார். அப்படியானால் போன கூட்டத்தில் காட்டினாயே அந்தப் படம், அதுவும்? அதற்கு முந்தைய கட்டுரை, மேடம் பேர் போட்டு வெளிவந்ததே, அதுவும்? எல்லாம்தான் சார். எல்லாமே. இன்னொரு வருஷம் போனாலும் போகட்டும். இதை வெளியில் சொல்லிச் சிரிப்பார்களே, இந்தக் கூடத்தில் வருகிற போகிற ஒவ்வொரு முதல் வருஷப் பிள்ளைக்கும் சொல்வார்களே, உங்களுக்கு முன்னால் ஒருத்தன் இருந்தான் என்று. ஏற்கெனவே ஒன்று போதாதா? அவன் சேர்ந்த புதிதில், ஒரு சீனியருடைய பீமை உடைத்துக்கொண்டிருந்தபோது மேலே படார் என்று கேட்டது. தணிகைவேல்தான் "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தினான். லூர்து அண்ணன் பதறிப் போய்ப் பாரத்தை முழுசாக இறக்கிவிட்டார், சீனியரின் சோதனை நாசம், மறுபடி ஒரு பீம் வார்க்க வேண்டியதாயிற்று. சத்தம் என்னவென்று பார்த்தால் தகரக் கூரைமேல் குரங்கு குதித்திருக்கிறது. கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அவன் பேர் பிரேக் தணிகை. கேன்டீனில் காசாளர்கூட "பிரேக்கு, என்ன வேணும்?" என்றுதான் கேட்கிறார். சீனியர் கடைசி வரைக்கும் அவனோடு பேசவில்லை. குரங்குக்குக் கத்தினான் என்று ஒரு பேர். இப்போது கத்தினால்?

"நூத்தி நாப்பது." ஒவ்வொரு தடவையும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, தண்ணீர்க் குழாயைத் திறந்த மாதிரி. ஜெபசிங்கின் முதுகில் வேர்வை சட்டையோடு ஒட்டியிருந்தது. "மக்கா, இவன் நல்லா வெடிச்சுட்டு வாறாம்லே" என்றான் அவன் கீழேயிருந்து, சந்தோஷமாக, கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் வருகிறதைச் சொல்கிறவன் போல. "பாத்துடா" என்றான் தணிகைவேல். பாத்துடா! அதுதான் வந்தது வாயில். பேருந்து ஏறுகிறவனுக்குச் சொல்கிற வார்த்தை. இதோ பார், பயப்படாதே என்று தனக்குள் சொன்னான், கான்கிரீட் பெரும்பாலும் சூத்திரத்தைவிட அதிகமாகத்தான் தாங்கும், சூத்திரம் எழுதுகிறவர்கள் பயந்தவர்கள், கொஞ்சம் பிடித்துத்தான் எழுதுவார்கள். இரண்டு தப்பும் சேர்ந்து சரியாகிவிடும். நூற்று எண்பது வரட்டும், வந்ததும் ஜெபசிங் வெளியே வந்துவிடுவான், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் உடையட்டும். இன்னும் நாலே நாலு முறை. நாலு முறை அவன் உள்ளே கை வைத்து எடுத்தால் முடிந்தது. கடவுளே, நாலு முறை மட்டும். அப்படிக் கேட்டுக்கொண்டதும், தான் என்ன கேட்கிறோம் என்று அவனுக்கே கேட்டுவிட்டது. அவன் கேட்டது ஜெபசிங்கின் கைக்காக இல்லை. தான் வாயைத் திறக்காமலே இது முடிந்துவிட வேண்டும் என்பதற்காக.

முதல் வருஷத்தில் டெங்கு வந்து கிடந்தபோது இந்தக் கைதான் கஞ்சி ஊற்றியது. மெஸ் கஞ்சியில் உப்பு இல்லை என்று அவன் ஊர்த் தேங்காய்த் துவையலைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் கலந்து ஊற்றியது. குரங்கு விவகாரத்தில் எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவன் இவன் ஒருத்தன். "கத்தினது நல்லதுதாம்லே, நெசமாவே ஒடஞ்சிருந்தா?" என்றான். நெசமாகவே உடைந்திருந்தால். இப்போது அதை நினைத்தபோது தணிகைவேலுக்குக் காது மடல் சூடாகி, அந்தச் சூடு கழுத்து வரை இறங்கியது. எழுந்திரு. எழுந்திருடா எருமை. பொய்யாவது சொல். வயிற்று வலி என்று சொல். கணினி நின்றுவிட்டது என்று சொல், ஆமாம், கணினி, ரீடிங் பதிவாகவில்லை மேடம், பாரத்தை இறக்கணும். இறக்கினால்? மேடம் திரையைப் பார்க்க எழுந்து வருவார், எண் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். கேபிளைப் பிடுங்கிவிட்டால்? வலது கை கேபிள் பக்கம் போயிற்று. "நூத்தி அம்பது" என்று லூர்து அண்ணனே மீட்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டார், "தம்பி தூங்கிட்டாப்ல." சபாபதி சார் சிரித்தார். "கல்யாணக் கனவா இருக்கும்." மேடமும் சிரித்தார். தணிகைவேலும் சிரித்தான், பாவி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கை கேபிளிலிருந்து வந்துவிட்டது. மேடம் பக்கத்தில் சாய்ந்து சபாபதி சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "இவனோட ப்ரெடிக்ஷன் எல்லாமே ரொம்ப நெருங்கி வருது சார். இருநூறுன்னு போட்டிருக்கான், பாருங்க." மேடம் குரலில் ஒரு பெருமை. இவ்வளவு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அது காதில் விழுந்ததும், இனி சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"நூத்தி அறுபது." சாய்ந்த விரிசல் இப்போது ஜாக்கிக்குக் கீழே வரை ஏறிவிட்டது, கறுப்புக் கோடு ஒரு மின்னல் மாதிரி ஓரத்திலிருந்து உச்சிக்கு. சுண்ணாம்புத் துகள் கொஞ்சம் உதிர்ந்து ஜெபசிங்கின் தலையில் விழுந்தது. அவன் தட்டிவிடவில்லை. யாராவது பார்க்கிறார்களா? அவ்வளவு படித்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியவில்லையா இந்த விரிசல் முற்றிவிட்டதென்று? தெரியாது. அவர்கள் கரும்பலகையைப் பார்க்கிறார்கள். அதில் நூற்று எண்பது என்றிருக்கிறது, ஆகவே நேரம் இருக்கிறது. லூர்து அண்ணனும் அதைத்தான் பார்க்கிறார். ஜெபசிங்கும் குந்தப் போகும் முன்னால் அதைத்தான் பார்த்தான். எல்லாரும் நம்புகிற அந்த எண்ணை நம்பாதவன் இந்தக் கூடத்தில் ஒரே ஆள்தான், அவன் வாய்க்குத்தான் பூட்டு. ஏதாவது ஒரு குரங்கு குதிக்கக் கூடாதா? கூரை அமைதியாக இருந்தது. வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், பிடிக்கவில்லை, மறுபடி உதைத்தார்கள். சரி, நூற்று எழுபதில் சொல்லிவிடுவேன். சத்தியமாகச் சொல்லிவிடுவேன். நாக்கில் இப்போதே தயாராக வைத்துக்கொண்டான், ஜெபா வெளிய வா, ஜெபா வெளிய வா, ஜெபா. அதை உள்ளே உருட்டி உருட்டி அந்தப் பேரே அர்த்தமில்லாத ஓசையாகப் போயிற்று. லூர்து அண்ணன் கைப்பிடியை அழுத்தினார். எண் ஏறியது. நூற்று அறுபத்தைந்து. ஏறியது. உள்ளங்கை ஈரத்தைக் கால்சட்டையில் துடைத்தான். ஏறியது. "நூத்தி எழுபது" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஜெபசிங் குனிந்தான். கோடு இழுக்கிற கிரீச் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வறட்டு வறட்டென்று வந்தது. "அட சனியனே" என்றான். பீமுக்கு அடியிலிருந்து தலையை இழுத்துக்கொண்டு, முழங்காலில் நகர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நேரே தணிகைவேல் மேசைக்கு வந்தான். "மார்க்கர் காஞ்சு போச்சுலே. வேற ஒண்ணு தா, சீக்கிரம்." அவன் முகம் முழுக்கச் சுண்ணாம்பு, புருவத்தில்கூட. எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றான். இதோ, காதருகே சொன்னால் போதும், மேடத்துக்குக்கூடக் கேட்காது. தணிகைவேல் மேசை இழுப்பறையைத் திறந்தான். ஸ்பேனர், நூல்கண்டு, யாரோ தின்ற கடலை மிட்டாய்த் தாள். "இங்கதான் வச்சேன்" என்றான். "இரு, தேடறேன்." இன்னொரு இழுப்பறை. "அட, வேகமா எடுலே, பாரம் நிக்குதுல்லா." "இருடா, இரு." பைக்குள் கை விட்டான், தாள்களைத் தூக்கிப் பார்த்தான், நாற்காலிக்கு அடியில் குனிந்தான். அவன் தேடினானா, தேடுவதுபோல் நின்றானா என்பது அவனுக்கே தெரியாது. பிறகு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தும் தெரியவில்லை. "தணிகை, ஒரு மார்க்கர்கூட இல்லாமயா டெஸ்ட் வச்சே?" என்று மேடம் ஆரம்பித்தார். ஜெபசிங் பொறுமையிழந்து, "போட்டும், நான் பென்சிலாலயே வரைஞ்சிக்கிடுதேன்" என்று திரும்பினான். ஓர் எட்டு வைத்தான். இரண்டாவது எட்டுக்குக் காலைத் தூக்கினான்.

டமார் என்று கேட்டது. சத்தம் காதில் விழுந்ததைவிட நெஞ்சில் மோதியது, தரை ஒரு தடவை குதித்தது. ஓரத்திலிருந்து உச்சி வரைக்கும் பீம் இரண்டாகப் பிளந்து மரக்கட்டைமேல் இறங்கி உட்கார்ந்தது, ஒரு தலையளவுக் கான்கிரீட் துண்டு தெறித்துப் போய், ஜெபசிங் அதுவரை குந்தியிருந்த இடத்தில் விழுந்து, கொஞ்சம் உருண்டு நின்றது. டயல்கேஜ் இருந்த இடத்தில் டயல்கேஜ் இல்லை. சுண்ணாம்புப் புகை எழுந்து மெல்ல இறங்கியது. அப்புறம், பீம் உடைந்தால் கைதட்டுவது இந்தக் கூடத்து வழக்கமாயிற்றே, லூர்து அண்ணன் தட்டினார், சபாபதி சார் தட்டினார், மேடம் தட்டினார். "நல்ல ஷியர் ஃபெயிலியர்! பாடப் புத்தகத்துல போடலாம்!" என்று சபாபதி சார் எழுந்தே வந்துவிட்டார். மேடம் மட்டும் கரும்பலகையைப் பார்த்து, "இருநூறுல்ல போட்டிருந்தே? நூத்தி எழுபதுலயே போயிடுச்சே" என்றார். கை கண்ணாடிக்குப் போயிற்று. வந்துவிட்டது, இதோ, என்று தணிகைவேல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். சபாபதி சார் சிரித்துக்கொண்டே, "ஷியர்ல இதெல்லாம் சகஜம்மா, கொஞ்சம் முன்னப் பின்னதான் வரும்" என்றார். கண்ணாடியைத் தொட்ட கை இறங்கிவிட்டது. அவ்வளவுதான். முடிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெபசிங் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதையும் தான் குந்தியிருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். குனிந்து அதைத் தூக்கப் பார்த்தான், ஒரு கையால் முடியவில்லை. திரும்பியபோது முகம் வெளிறியிருந்ததா, சுண்ணாம்பா, தெரியவில்லை. தணிகைவேலின் சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினான். "மார்க்கர் அங்கதானலே கெடக்கு, குருடா" என்றான்.

மாடியில் கூட்டம் சீக்கிரமே முடிந்தது. எழுத ஆரம்பிக்கலாம் என்றார்கள். மேடம் அவன் தோளைத் தட்டினார். பின்வாசல் டீக்கடைக்கு ஜெபசிங்தான் இழுத்துக்கொண்டு போனான், ட்ரீட்டு, ட்ரீட்டு என்று. வெயில் சுள்ளென்று அடித்தது. தணிகைவேலுக்கு மட்டும் குளிர்ந்தது, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சொல்ல வேண்டாம், எதற்குச் சொல்ல வேண்டும், கை இருக்கிறது, மோதிரம் இருக்கிறது, வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டுச் சட்னியில் தோய்க்கிறது, அழகாகத் தின்கிறது. கணக்கை ராத்திரியே சத்தமில்லாமல் திருத்திவிடலாம். ஆய்வேட்டில் சரியான எண் போய்விடும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. "ஒரு நிமிசம் ஈரக்கொல நடுங்கிட்டுலே" என்றான் ஜெபசிங் வாய் நிறையப் பஜ்ஜியோடு. "ஆனா கீழ இருக்கும்போ பயமே இல்ல, கேட்டியா. நூத்தியெம்பதுன்னு நீ எழுதி வச்சிருந்தல்லா. தணிகை போட்ட கணக்குன்னா கண்ண மூடிட்டுப் படுக்கலாம்னு நெனச்சேன்." தணிகைவேல் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். "அடுத்த வாரம் என் பீமு. அதுக்கும் ஒன் கணக்கையே எடுத்து எண்ண மட்டும் மாத்திப் போட்டாச்சு. என்னது ஒன்னதவிடப் பெரிசு, பாத்துக்க. நம்ம ஜூனியர் பிள்ள ஒண்ணு இருக்குல்லா, கோமதி, அவளக் குறிக்க உக்கார வச்சிரலாம், அவளும் படிக்கட்டு."

தணிகைவேல் கிளாஸைக் கீழே வைத்தான். கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எழுபதில் சொல்லலாம், எண்பதில் சொல்லலாம் என்று மறுபடியும் அதே பழைய குரல் உள்ளே எண்ண ஆரம்பித்தது, அடுத்த வாரம்தானே, திங்கட்கிழமை சொல்லலாம், மெதுவாக, வேறு ஏதோ பேசுகிற மாதிரி. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவனுக்கு இன்றைக்கு முழுவதும் இல்லாத பயம் வந்தது. பீமைப் பார்த்தும் மேடத்தைப் பார்த்தும் வந்த பயம் வேறு. இது தன்னைப் பார்த்தே வந்தது. "அந்தக் கணக்கு தப்புடா" என்றான். "கட்டி எண்ணை உருளை எண்ணா போட்டுட்டேன். இருநூறு இல்ல அது. நூத்தியெண்பதுதான். அங்கேயே உடைஞ்சிருக்கணும். கோமதியை உக்கார வைக்காத. யாரையும் வைக்காத. நான் மேடத்துகிட்ட போய்ச் சொல்லிடறேன்."

ஜெபசிங் பஜ்ஜியை மெல்வதை நிறுத்தினான். தணிகைவேல் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவன் சட்டைப் பையை, அதில் செருகியிருந்த மார்க்கரைப் பார்த்தான். இடது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எப்பம்லே தெரிஞ்சுது ஒனக்கு?" என்று கேட்டான்.